கிளம்பிய நேரம்

என் அம்மா அவர் பெயரைச் சொல்வதில்லை. சொல்லியே தீரவேண்டிய இடம் வந்தால் "அறுக்கச் சொன்னவ" என்பாள். ரேஷன் கார்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்து வந்த ஒரு அம்மாளிடமும் அப்படியே சொல்லிவைத்தாள். அந்த அம்மாள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்து விழித்தார். "எங்க நங்கைங்க, வெளிநாட்டுல இருக்காங்க" என்று நான்தான் சமாளித்தேன்.

நானும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அது மரியாதைக்காக. அண்ணன் மனைவியை எங்கள் நாமக்கல் பக்கத்துத் தங்கைகள் நங்கை என்போம். இங்கேயும் அவர் நங்கையாகவே இருக்கட்டும். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அம்மாவும் நங்கையும் மறுபடி ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அம்மா அவரைப் பழையபடி "வா கண்ணு" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நங்கை என்றதும் எனக்கு முதலில் காதில் விழுவது அவருடைய "தெரியலீங்க"தான். எங்கள் ஊரில் யாரும் எதையும் தெரியாது என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்க முடியாது. பஸ் எப்போது வரும் என்று கேளுங்கள். அந்த வழியில் பஸ்ஸே போகாவிட்டாலும் "இப்ப வந்துருமுங்க" என்பார்கள். வழி கேட்டால் முதலில் கையை நீட்டிவிட்டு அப்புறம்தான் யோசிப்பார்கள். எல்லாம் நல்ல எண்ணம்தான், கேட்டவர் முகம் வாடக்கூடாதே என்று. நங்கைக்கு அந்தச் சமத்து கிடையாது. தெரிந்தால் தெரியும் என்பார். தெரியாவிட்டால் ஒரு கூச்சமும் இல்லாமல், கண்ணை நேராகப் பார்த்து, "தெரியலீங்க" என்பார்.

பெண் பார்க்கப் பள்ளிபாளையம் போன அன்றே அது ஆரம்பித்துவிட்டது. அவர் அப்பா அங்கே சொந்தமாகத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்து அம்மா வழக்கமான கேள்வியைப் போட்டாள்.

"சமைக்கத் தெரியுமா அம்மிணி?"

"ரசம் நல்லா வெப்பேனுங்க. குழம்பு ஒரு நாளைக்கு நல்லா வருது, ஒரு நாளைக்கு வர்றதில்லீங்க. ஏன்னு தெரியலீங்க."

அவர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் அண்ணன், அதுவரை தலை குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவன், வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. காரில் திரும்பும்போது அம்மா சொன்னாள், "படிச்ச திமிரா, வெகுளியான்னு தெரியலியே." அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டி, "பாத்தியா, உனக்கும் தெரியல. பொருத்தமாத்தான் இருக்குது" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

அப்போது நங்கை சேலத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தார். என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா "கம்ப்யூட்டரு" என்று முடித்துவிடுவாள். ஒருநாள் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளே வாய்விட்டுக் கேட்டாள். "ஏங்கண்ணு, நெசமா நீ என்னதான் படிக்கறே? எனக்குப் புரியறாப்பல சொல்லு பாக்கலாம்."

நங்கை கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளிச்சம் ஒரு அணு மேல படுதுங்க அத்தை. பட்டதும் உள்ளருந்து ஒரு எலக்ட்ரான் வெளியே வந்துருது. பட்ட மாத்திரத்துலயே வந்துருதுன்னுதான் முன்னாடியெல்லாம் நெனச்சுட்டு இருந்தாங்க. இப்பப் பாத்தா, கெளம்பறதுக்குக் கொஞ்சம் தாமசம் ஆவுதுங்க."

"ஏன் தாமசம்?"

"உள்ள மத்த எலக்ட்ரானெல்லாம் இருக்குதுங்களே. ஒண்ணு கெளம்புனா அதுகளும் தள்ளுது. நடுவுல இருக்கற கருவு இழுக்குது. அத்தனையும் தாண்டி வெளியே வரோணுமில்லீங்களா?"

"நம்மூட்டுக்கு விருந்தாளி வந்துட்டுக் கெளம்பறாப்பலன்னு சொல்லு" என்றாள் அம்மா. "செருப்பு மாட்டிக்கிட்டு வாசப்படியில நின்னு ஊர்க்கதையெல்லாம் பேசிட்டுத்தான போறாங்க."

நங்கைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எத்தனை நேரம் தாமதமாகிறது என்று அம்மா விடாமல் கேட்டாள். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை எடுத்து அதை மறுபடியும் நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு அட்டோசெகண்டாம். அப்படிச் சில அட்டோசெகண்டுகள். வெளிநாட்டில் லேசர் வைத்து அதை அளக்கிறார்களாம். அளந்தது ஏன் அப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது இவர் வேலை. அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "இத்துனூண்டு நேரத்துல எப்பக் கெளம்புச்சுன்னு கண்டுபுடிச்சுட்டீங்களா? கெட்டிக்காரங்கதான்" என்றாள்.

"இல்லீங்க அத்தை. எப்பக் கெளம்புச்சுன்னு நேரா அளக்க முடியறதில்லீங்க. ஒரே அணுவுல மேலடுக்குல இருந்து ஒண்ணு, உள்ளடுக்குல இருந்து ஒண்ணு வருதுன்னு வெச்சுக்கங்க. அதைவிட இது எவ்வளவு பிந்துச்சுன்னு மட்டுந்தான் அளக்கறாங்க."

"அதுக்கா இத்தனை வருசம் படிக்கறே?"

"அதுக்குத்தானுங்க" என்று சிரித்தார் நங்கை. அம்மாவும் சிரித்தாள். அன்று கீரையில் உப்புப் போட இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

இந்தக் கிளம்புகிற விவகாரம் வீட்டுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. என் அண்ணன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் மேனேஜராக இருந்தான். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியே கிடப்பான். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர் வருவான். எங்கள் ஆட்கள் போனில் "கெளம்பிட்டேன்" என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். "வந்துட்டே இருக்கேன்" என்றால் சட்டை தேடுகிறார்கள். அண்ணன் இந்தக் கலையில் பெரிய விற்பன்னன். "கெளம்பிட்டேன்" என்று அவன் சொன்னதும் நங்கை விசாரணையைத் தொடங்கிவிடுவார்.

"ஏனுங்க, கெளம்பிட்டீங்கன்னா எப்படி? கால்ல செருப்பு இருக்குதுங்களா?"

"தேடிட்டு இருக்கேன்."

"அப்ப நீங்க கெளம்பலீங்க. கெளம்பற நெனப்புல இருக்கறீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சிரிப்போம். அம்மாவும்தான்.

நாமக்கல்லில் எனக்கு ஜெராக்ஸ், பைண்டிங் கடை. நங்கையின் ஆய்வேடு என் கடையில்தான் அச்சானது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "போட்டோ அயனைசேஷன்னு போட்டிருக்குதே, போட்டோ எடுக்கறதாட்ட இருக்குது, நம்ம தொழிலு" என்று கிண்டல் செய்தேன். வழவழப்பான ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, எல்லாம் முடிந்து பிரதிகளை அடுக்கி வைத்திருந்தோம். நங்கை வந்து ஒன்றைப் பிரித்து நின்றபடியே வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது.

"அம்மிணி, இதைப் பிரிக்க முடியுங்களா?"

ஒரு வரியில் 'இதிலிருந்து நிரூபணமாகிறது' என்பதுபோல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாராம். "நிரூபணமெல்லாம் ஆவலீங்க. அப்படி இருக்கலாம்னு தோணுது, அவ்வளவுதான்." அந்த ஒரு சொல்லுக்காக மொத்தத்தையும் அறுத்து, தாள் மாற்றி, மறுபடி ஒட்டினோம். என் பைண்டர் வாயில் முனகாத வசவில்லை. நானும் கோபத்தில், "யாருங்க நங்கை இதையெல்லாம் படிச்சுக் கண்டுபுடிக்கப் போறாங்க?" என்று கேட்டேன். "நான் படிச்சுட்டேனே சாமி" என்றார்.

இன்னொரு கதை அவரே சொன்னது. அணுவை விட்டு வெளியே போகிற எலக்ட்ரானைக் கணக்கில் எழுதும்போது, விசித்திரமாக, உள்ளே வருகிற அலையாக எழுத வேண்டுமாம். புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் போகிற அலையாக எழுதிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்களாம். நங்கை முதல் தடவையே சரியாக எழுதிவிட்டார். அவருடைய பேராசிரியர் ஆச்சரியப்பட்டு, எப்படித் தோன்றியது என்று கேட்டிருக்கிறார். "எங்க ஊர்ல கெளம்பறப்பப் போறேன்னு சொல்ல மாட்டோமுங்க சார், வாரேன்னுதான் சொல்லுவோம். அந்தப் பழக்கத்துல கை தானா வர்றதுன்னு எழுதிருச்சுங்க." பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். வேறு யாராவது இருந்தால் அந்தப் பாராட்டோடு வீடு வந்திருப்பார்கள். நம் ஆள் மறுநாள் திரும்பப் போய், "அது நான் புரிஞ்சு எழுதலீங்க சார். தப்பா எழுதுனது சரியா விழுந்துருச்சு. எனக்கு முதல்ல இருந்து சொல்லிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

இது எல்லோருக்கும் இனித்ததா என்றால், இல்லை. பக்கத்து வீட்டு முட்டை ஏஜெண்டின் மனைவி மகளை விடுதிப் பள்ளியில் சேர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க, என்ற புள்ள டாக்டர் ஆயிருவாளல்ல?" என்று ஆசையாகக் கேட்டார். தெருவே "ஆயிருவாங்க, ஆயிருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். நங்கை யோசித்துவிட்டு, "தெரியலீங்க" என்றார். அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார். போய்ச் சமாதானம் செய்துவிட்டு வா என்று அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அனுப்பினாள். அங்கே அதே கேள்வி மறுபடி வந்திருக்கிறது. அதே பதிலைச் சொல்லிவிட்டு, பழத்தோடு திரும்பி வந்துவிட்டார் நங்கை! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு தாய் ஆசையாகக் கேட்கிறாள், என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஆனால் அதே அம்மாதான், கண்புரைக்கு ஆபரேஷன் என்றதும் ஒரு மாதம் அடம்பிடித்தாள். வலியே இருக்காது என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், அண்ணன் போனில் சொன்னான். யாரையும் நம்பவில்லை. நங்கை நர்ஸிடம் போய் விசாரித்து வந்து, "ஊசி போடறப்ப வலிக்குமுங்க அத்தை. கொஞ்சம் நல்லாவே வலிக்குமாம். அதுக்கப்பறம் வலிக்காதாம்" என்றார். அம்மா எழுந்து புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எதுவானாலும் "அவளைக் கேளு" என்பாள். மாத்திரை மாற்றி எழுதினாலும் அவளைக் கேளு, டி.வி.யில் புயல் என்றாலும் அவளைக் கேளு. அவர் தெரியாது என்றால் அம்மா அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவாள்.

அந்த வருடம் சத்தீஸ்கரில் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அண்ணன் ரயிலில் சேலம் வந்து இறங்கி, சிநேகிதன் வீட்டில் விட்டிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு போன் செய்தான். காலை இட்லிக்கு வந்துவிடுவானாம். "கெளம்பிட்டேன்" என்றான்.

"வண்டி மேல உக்காந்துட்டீங்களா?" என்று கேட்டார் நங்கை.

"உக்காந்துட்டேன். ஹெல்மெட்டும் போட்டுட்டேன், தாயே!"

"அப்ப சரிங்க. கெளம்பிட்டீங்க" என்று சிரித்து வைத்தார்.

ராசிபுரம் பிரிவுக்கு முன்னால், தப்பான பக்கத்தில் ஏறி வந்த ஒரு கார் அவனை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாங்கள் போனபோது அவன் உடம்பில் பெரிய காயம் என்று ஒன்றுமே தெரியவில்லை. தலையில் கட்டு, வாயில் குழாய், அவ்வளவுதான். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவன் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்து, "சூடாத்தான் இருக்குது சாமி, பொழச்சுக்குவான்" என்றாள்.

அடுத்த நாள் டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மூளைச்சாவு என்றார். மூச்சு இயந்திரத்தைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று ஒருமுறை பார்த்தாயிற்று, வரவில்லை. சில மணி நேரம் விட்டு மறுபடி அதேபோலப் பார்ப்பார்கள். அப்போதும் இல்லையென்றால் இறந்துவிட்டதாக எழுதுவார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். நங்கை அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப முதல் சோதனை முடிஞ்சுருச்சு, ரெண்டாவது இன்னும் ஆவல. இந்த நேரத்துல அவரு இருக்காருங்களா, இல்லீங்களா?"

"ரெண்டாவது சோதனை முடியற நேரந்தாம்மா சட்டப்படி இறந்த நேரம்."

"சட்டப்படி சரிங்க. நெசமா எப்பங்க?"

நல்ல டாக்டர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நங்கையும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இரண்டாவது சோதனையிலும் மூச்சு வரவில்லை. உறுப்பு தானம் பற்றிப் பேசுவதற்காக ஒரு பெண் வந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அம்மாவுக்கு விஷயம் புரிந்த அந்தக் கணம் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நெஞ்சு ஏறி எறங்குதடி! என்ற பையன் மூச்சு உடறான், அறுக்கறதாமா? யாரும் கிட்ட வந்துறாதீங்க!" நங்கை வராந்தாவின் கோடிக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னங்க நங்கை செய்யறது?"

"அவரைக் கேட்டிருந்தாச் சரின்னு சொல்லியிருப்பாரு அம்மிணி. எந்த ஊர்ல ரத்தம் வேணும்னாலும் ரிக்கை விட்டுட்டு ஓடுவாரல்ல. அது ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். அப்புறம் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

அண்ணனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது மருத்துவமனை ஆட்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். நங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டே தியேட்டர் வாசல் வரைக்கும் நடந்தார். அங்கே கையை விடச் சொன்னார்கள். அவருக்கு விட முடியவில்லை. ஒரு நர்ஸ்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அம்மா வரவில்லை. நாற்காலியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு மூடிய பிறகு நங்கை வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்தும் சில மாதங்கள் நங்கை எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைப்பார், அம்மா நான் என் வீட்டிலிருந்து வந்து கொடுத்தால்தான் விழுங்குவாள். அவர் வைத்த ரசத்தைத் தொடமாட்டாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "உசுரோட இருக்கறப்பவே அறுக்கச் சொன்னவ, உள்ளதான் இருக்கறா" என்பாள். நங்கை சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளிபாளையத்துக்குப் போய்விட்டார். நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன், அம்மாவின் காலில்கூட விழுந்தேன். "அவ டாக்டரைக் கேள்வி கேட்டாளே, நீ பக்கத்துலதான இருந்தே? சந்தேகம் இருந்துதுல்ல அவளுக்கு? அப்பறம் எப்படிக் கையெழுத்துப் போட்டா?" என்றாள் அம்மா.

அடுத்த வருடம் நங்கைக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. எலக்ட்ரான் கிளம்புகிற அந்தத் தாமதத்தை அளக்கிற இடமாம். போவதற்கு முன்னால் அத்தையைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

நான் கடைக்கு லீவு விட்டுவிட்டு அம்மா வீட்டில் சமைத்தேன். நங்கை திருச்செங்கோடு வழியாகப் பஸ் பிடித்து நடு மதியத்தில் வந்து சேர்ந்தார். மெலிந்து போயிருந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "சாப்புட்டுப் போ" என்றாள். அவசரமாக இலை போட்டேன். அம்மாவும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் தவித்தேன் என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

ரசத்துக்கு வந்தபோது அம்மா கையை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ அதைத்தான படிச்சே, எது எப்பக் கெளம்புதுன்னு?"

"ஆமாங்க அத்தை."

"அப்பச் சொல்லு. கத்தி வைக்கறப்ப என்ற பையன் உள்ள இருந்தானா, போயிருந்தானா?"

"டாக்டர்தான் எழுதிக் குடுத்தாரேம்மா" என்றேன் நான்.

"நீ சும்மாரு. நான் டாக்டரைக் கேக்கல. இவளைக் கேக்கறேன்."

நங்கை இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் சோற்றிலிருந்து வழிந்து இலை ஓரத்துக்கு ஓடியது. அவர் அதைத் தடுக்கக்கூட இல்லை. கடைசியில் தலையை நிமிர்த்தி அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"தெரியலீங்க அத்தை."

"தெரியாமயா கையெழுத்துப் போட்டே?"

"தெரியாமத்தான் போட்டேனுங்க. அவரு இனித் திரும்பி வரமாட்டாருன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல எனக்குத் தெரியலீங்க. நானும் தெனமும் அதையேதான் கேட்டுட்டு இருக்கறேன்."

அம்மா பாதிச் சோற்றில் எழுந்து உள்ளே போய்விட்டாள். நங்கை இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்தார். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். கூடத்து அலமாரியில் இருக்கிற அம்மாவின் சர்க்கரை மாத்திரை பெயர் மாறியிருக்கிறது, பழைய அட்டையைப் பார்த்து வாங்கிவிடாதே என்று சொன்னார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். பஸ் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா கூடத்தில் அந்த இலைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"போற நேரத்துல அவங்களை அழ வெச்சு அனுப்பிட்டியே! உனக்கு என்னதாம்மா வேணும்? அவங்ககிட்ட என்னதான் கேக்கறே?"

"அப்பவே போயிட்டாருங்க அத்தைன்னு ஒரு வார்த்தை. அதைத்தான கேட்டேன்."

"அவங்களுக்குத் தெரியலியே அம்மா."

"தெரியாட்டி என்னடி? பொய்யாச் சொல்லட்டுமே." அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அவதான் பொய்யே சொல்ல மாட்டாளே. அவ சொல்லியிருந்தா நம்பியிருப்பனே."